காலை நீட்டிக் கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

குழந்தையின் கால், உடற்பயிற்சியில் கால் வைக்கும் விதம் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் சில இங்கே. எலும்பு மூட்டு மருத்துவமும் பிசியோதெரபியும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

கேள்வி: மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. தவளை மாதிரி காலை மடக்கியே வைத்திருக்கிறாள். ‘இப்படியே விட்டால் கால் கோணலாகிவிடும், இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்று’ என்கிறார் மாமியார். சுற்றினால் நன்றாகத் தூங்கவும் செய்கிறாள். என்ன செய்வது?

தூங்க வைக்கச் சுற்றுங்கள். காலை நிமிர்த்தச் சுற்ற வேண்டாம். கருவறைக்குள் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த கால் அது. பிறந்த குழந்தைக்கு இடுப்பும் முட்டியும் முழுதாக நீளாது, அதுதான் இயல்பு. சில மாதங்களில் தானாகவே நீளும், யாரும் இழுத்துவிட வேண்டியதில்லை.

இழுத்தால் என்ன ஆகும்? தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது இடுப்பில் உள்ள ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிறக்கும்போது அந்தக் குழி பெரும்பாலும் குருத்தெலும்புதான், ஆழமும் குறைவு. பந்து சரியாக உள்ளே அமர்ந்து அசைய அசையத்தான் குழி உருண்டு ஆழமாகும். கால் மடங்கி, தொடை இரண்டும் விரிந்திருக்கும்போது பந்து குழியின் நடுவை நோக்கி அழுத்துகிறது. நீட்டிச் சேர்த்துக் கட்டினால் இடுப்பின் முன்னாலும் தொடையின் பின்னாலும் உள்ள தசைகள் விறைத்து, பந்தைக் குழியின் விளிம்புக்குத் தள்ளுகின்றன. முதல் சில மாதங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். ஜப்பானில் 1975இல் இதைப் பெரிய பிரசாரமாகவே எடுத்துச் சொல்லி, காலை நீட்டிக் கட்டும் பழக்கத்தை நிறுத்தினார்கள். இடுப்பு விலகும் குழந்தைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது.

சுற்றும் முறை: மெல்லிய சதுரத் துணியை ஒரு மூலை மேலே வருமாறு விரித்து, அந்த மூலையைக் கீழ்ப்பக்கம் மடியுங்கள். மடிப்பின் விளிம்பு குழந்தையின் தோளுக்கு நேராக வர வேண்டும்; கழுத்துக்கு மேலே ஏறக் கூடாது. ஒரு பக்கத் துணியை மார்பின் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கம் முதுகுக்கு அடியில் செருகுங்கள். அடுத்த பக்கமும் அப்படியே. மார்புக்கும் துணிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கீழே மிஞ்சும் துணியை இழுத்துக் கட்டாமல், தளர்வாக ஒரு முறுக்கு முறுக்கி, குழந்தையின் பின்பக்கம் மடித்து விடுங்கள். கால் பக்கம் ஒரு பை மாதிரி இருக்கும்.

சரியாகச் சுற்றியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி: துணிக்குள்ளேயே அவள் முட்டியை வயிறுவரை தூக்கி, இரு பக்கமும் விரிக்க முடிகிறதா? முடிந்தால் சரி. முட்டிகள் ஒன்றையொன்று தொட்டபடியே நின்றால் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். புரண்டு படுக்க முயலும் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். பல குழந்தைகள் 2 முதல் 4 மாதத்துக்குள் அதற்கு வந்துவிடுவார்கள்.

மாமியாரின் பயம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பிறந்த குழந்தையின் கால் வில் மாதிரிதான் தெரியும். நடக்கத் தொடங்கி, ஏறத்தாழ 2 வயதில் நேராகும். 3, 4 வயதில் முட்டிகள் உள்பக்கம் இடிக்கிற மாதிரி மறுபக்கம் சாயும். 7 வயதுவாக்கில் பெரியவர்களுக்கு உள்ள வடிவம் வந்துவிடும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, 2 வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வைட்டமின் டி குறைபாடு முதலில் பார்க்க வேண்டிய காரணங்களில் ஒன்று.

கேள்வி: டயாபர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் ஒரே கையில் பிடித்துத் தூக்குகிறோம். தவறா?

வசதியாகத்தான் இருக்கும், ஆனால் இடுப்புக்கு நல்லதல்ல. முட்டி நீண்டு, தொடைகள் சேர்ந்து, உடல் எடை முழுவதும் அந்த மூட்டுகளில் தொங்குகிறது. பால் குடித்த கையோடு அப்படித் தூக்கினால் வயிறு அழுந்தி எதுக்களிக்கவும் செய்யும். மாற்று வழி இது: உங்கள் கையைக் குழந்தையின் அருகிலுள்ள தொடைக்கு அடியில் நுழைத்து, எதிர்ப்பக்கத் தொடையைப் பிடியுங்கள். உங்கள் முன்கை மீது அருகிலுள்ள தொடை தங்கும். லேசாக உயர்த்தினாலே புட்டம் மேலெழும்; கால்களும் மடங்கி விரிந்தபடி இருக்கும். இரண்டு நாளில் கை பழகிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் குழந்தையை ஒரு பக்கமாகப் புரட்டித் துடையுங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு தொடையில் மூன்று மடிப்பு, இன்னொன்றில் இரண்டு. இடுப்பு விலகியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

மடிப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நன்றாக இருக்கும் குழந்தைகளுக்கும் மடிப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. பார்க்க வேண்டியவை வேறு. டயாபர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிகிறதா? மல்லாக்கப் படுக்க வைத்து, பாதங்களைச் சேர்த்து முட்டியை மடக்கினால், ஒரு முட்டி தாழ்ந்து தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு பக்கமும் விலகியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசமே இருக்காது. குழந்தைக்கு வலியும் இருக்காது. எனவே வயிற்றில் தலை மேலேயும் புட்டமோ காலோ கீழேயுமாக இருந்து பிறந்த குழந்தை, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தக் குறை இருந்த குழந்தை என்றால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் ஆறு வார வயதையொட்டி இடுப்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. பெண் குழந்தைகளுக்கும் தலைப்பிள்ளைகளுக்கும் இந்தக் குறை வரும் வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே அந்த வயதில் பயன்படாது; பந்து இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் விழாது. 4 முதல் 6 மாதத்துக்குப் பிறகுதான் எக்ஸ்ரே.

ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பாவ்லிக் ஹார்னஸ் என்ற வார்ப்பட்டை போதும். இடுப்பு ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி விரிந்திருக்குமாறு அது பிடித்து வைக்கும். கால் உதைக்க இடம் விடும். பட்டையின் நீளத்தை வீட்டில் மாற்றாதீர்கள். முன்பட்டை அளவுக்கு மேல் இறுகினால் தொடையின் முன்பக்க நரம்பு அழுந்தும். நன்றாக உதைத்துக்கொண்டிருந்த குழந்தை முட்டியை நீட்டுவதை நிறுத்திவிட்டால் அதுதான் அறிகுறி. அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

இரண்டு மூன்று டயாபரை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டித் தொடையை விரித்து வைப்பது சிகிச்சை ஆகாது.

கேள்வி: ஸ்குவாட் (நின்றபடி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போது முட்டிகள் உள்பக்கம் போகின்றன, குதிகாலும் எழும்புகிறது. முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்கிறார் ஜிம் பயிற்சியாளர்.

கடைசியில் சொன்னதை முதலில் பார்ப்போம். முட்டி விரலைத் தாண்டுவது தவறில்லை. தொடை நீளமானவர்கள் தாண்டாமல் ஆழமாக உட்காரவே முடியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். முட்டியில் திருப்புவிசை (மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விசை) ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பிலோ பத்து மடங்குக்கு மேல் ஏறியது. உடம்பு முன்னால் சாய்ந்து, அந்தச் சுமையை இடுப்பும் கீழ்முதுகும் வாங்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே முட்டியில் வலி இருப்பவர்கள் சில காலம் முட்டியைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அதைச் சட்டமாக்கத் தேவையில்லை.

அடுத்தது குதிகால். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. இருக்கட்டும். குதிகாலைத் தரையில் வைத்தபடி முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் கணுக்கால் விறைப்பாக இருக்கிறது. குதிகால் எழும்புவது அதனால்தான். பல சமயம் முட்டி உள்ளே போவதும் அதனால்தான். கணுக்கால் மடங்காதபோது பாதத்தின் உள்வளைவு சரிந்து, முட்டி உள்பக்கமாக வழி தேடிக்கொள்ளும்.

அதே நிலையில், முட்டியை மடக்கியே வைத்து கெண்டைக்காலை நீட்டுங்கள்: 30 விநாடி, ஒரு காலுக்கு மூன்று முறை, தினமும். முட்டியை நேராக வைத்து நீட்டினால் மேல்தசைதான் நீளும், ஸ்குவாட்டுக்கு வேண்டியது அடியிலுள்ள தசை. நீட்டும்போது பின்னால் இழுக்காமல் கணுக்காலின் முன்பக்கம் நெரிக்கிற மாதிரி இருந்தால் அது தசை விறைப்பு இல்லை, மூட்டே அங்கே முட்டுகிறது. நீட்டிப் பயன் இல்லை. குதிகாலுக்கு அடியில் 1 முதல் 2 செ.மீ. கட்டை வைத்துச் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பளு தூக்குபவர்களின் ஷூவுக்கே குதிகால் உயரம்தான்.

கணுக்கால் நன்றாக மடங்கியும் முட்டி உள்ளே போனால், புட்டத்தின் பக்கவாட்டுத் தசையைச் சந்தேகப்படுங்கள். தோள் அகலத்துக்கு நில்லுங்கள். விரல்களை 15 முதல் 30 பாகை வெளிப்பக்கம் திருப்புங்கள். கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் – இந்த மூன்று புள்ளியும் தரையை விடக் கூடாது. மெல்லிய ரப்பர் பட்டையை முட்டிக்குச் சற்று மேலே மாட்டி, அதை வெளியே தள்ளியபடி 10, 12 முறை உட்கார்ந்து எழுங்கள். போனை முன்னால் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்: முட்டிச்சில்லு இரண்டாவது விரலின் திசையில் போக வேண்டும். எடை ஏற்றி எழும்போது மட்டும் உள்ளே போகிறது என்றால் எடையைக் குறையுங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

பக்கத்தில் செய்பவரின் கால் அகலத்தைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். இடுப்புக் குழியின் திசை ஆளுக்கு ஆள் மாறும். முழந்தாளும் கையும் ஊன்றி, முட்டிகளின் இடைவெளியை மாற்றி மாற்றி, புட்டத்தைக் குதிகால் நோக்கிப் பின்னால் கொண்டுபோங்கள். கீழ்முதுகு எந்த அகலத்தில் கடைசிவரை வளையாமல் இருக்கிறதோ, அது உங்கள் அகலம்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தையைக் கேரியரில் மார்போடு கட்டிக்கொண்டு ஸ்குவாட் செய்யலாமா?

கழுத்து நன்றாக நின்றுவிட்டதா, பிரசவத்துக்குப் பிறகான பரிசோதனையில் உங்களுக்கு உடற்பயிற்சி செய்ய அனுமதி கிடைத்ததா – இரண்டுக்கும் ஆம் என்றால் மெதுவாக, பாதி ஆழம் வரை செய்யலாம். குதிப்பது, ஓடுவது, வேகமாகத் திரும்புவது கூடாது. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் அழுத்தம் அடிவயிற்றுக்குக் கீழே இறங்கும். அப்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல் கனத்தாலோ நிறுத்திவிடுங்கள்.

கேரியரில் குழந்தையின் முட்டிகள் புட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். துணி ஒரு முட்டியின் மடிப்பிலிருந்து மறு முட்டியின் மடிப்பு வரை தொடையைத் தாங்க வேண்டும். ஒடுங்கிய துணி கவட்டையில் மட்டும் பிடித்துக் கால் நேராகத் தொங்கினால் அந்தக் கேரியர் இந்த வயதுக்கு வேண்டாம். முகம் உங்கள் பக்கம், நீங்கள் குனிந்தால் முத்தமிடும் உயரத்தில் இருக்கட்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தாடை மார்பில் அமுங்கினால் மூச்சு தடைபடும். குனிந்து எதையும் எடுக்காதீர்கள், முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்கள்.

கேள்வி: சீக்கிரம் நடக்க வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். வாக்கரில் குழந்தை விரல் நுனியால்தான் தள்ளுகிறது, சமநிலை பழகுவதில்லை. நடை தாமதமாவதுதான் மிச்சம். படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

கேள்வி: நான்கு வயது மகன் பாதங்களை இரு பக்கமும் வெளியே வைத்து, புட்டத்தைத் தரையில் வைத்து உட்காருகிறான். திட்டித் திருத்துகிறோம்.

திட்டாதீர்கள். இந்த வயதில் பலருக்குத் தொடை எலும்பு உள்பக்கம் சற்று முறுக்கியிருக்கும். சம்மணத்தைவிட அவனுக்கு அது சுலபம். பெரும்பாலும் 8 முதல் 10 வயதுக்குள் முறுக்கு தானாகக் குறையும். எப்போதும் அப்படி மட்டுமே உட்கார்ந்தால், வேறு விதமாக உட்காரவே முடியாவிட்டால், அடிக்கடி விழுந்தால், நொண்டினால் காட்டுங்கள்.

கேள்வி: வஜ்ராசனத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பாதம் மரத்துவிடுகிறது.

முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஓர் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. முட்டி முழுதாக மடங்கியே இருந்தால் அது நசுங்கும். புட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே தடித்த தலையணையும், கணுக்காலின் முன்பக்கத்துக்கு அடியில் சுருட்டிய துண்டும் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். மரத்த காலோடு சட்டென்று எழாதீர்கள், கணுக்கால் மடங்கிச் சுளுக்கிக்கொள்ளும். எழுந்து நடந்த பிறகும் பாதத்தை மேலே தூக்க முடியாமல் விரல் தரையில் இடறினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.