நியாங்கே பிள்ளைகளின் நாட்டுக்குப் போகும் முன்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 26 வயது. பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ருவாண்டாவில் ஒரு திருச்சபைப் பள்ளியில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சமாதானக் கல்வி கற்பிக்க, இரண்டு ஆண்டுகள் மிஷனெரியாக வரும்படி அழைப்பு வந்திருக்கிறது. போக வேண்டும் என்று மனம் துடிக்கிறது. ஆனால் அப்பா, "இனப்படுகொலை நடந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லித்தர நீ யார்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. போகலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மகளே, போகலாம். ஆனால் அப்பாவின் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுப் போகாதே. அதைப் பெட்டியில் முதலில் எடுத்து வை.

மேற்கு ருவாண்டாவில் நியாங்கே என்று ஓர் ஊர் இருக்கிறது. 1994 ஏப்ரலில், ஹுட்டு இனத் தீவிரவாதிகள் டுட்சி இனத்தாரைக் கொன்று குவித்தபோது, சுமார் 2,000 டுட்சி மக்கள் அங்கிருந்த தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். கோயிலுக்குள் கொல்ல மாட்டார்கள் என்று நம்பினார்கள். கொலைகாரர்கள் புல்டோசர் கொண்டு அந்தக் கோயிலையே அவர்கள்மீது இடித்துத் தள்ளினார்கள். அதில் பங்கு கொண்ட அந்தக் கோயிலின் குருவானவருக்கு ஐ.நா. தீர்ப்பாயம் 2008இல் ஆயுள் தண்டனை விதித்தது. நியாமாட்டாவிலும் ந்தராமாவிலும் தேவாலயங்களே கொலைக்களங்கள் ஆயின. 2017இல் போப் பிரான்சிஸ், திருச்சபையின் பாவங்களுக்காக மன்னிப்பு வேண்டினார். நீ கழுத்தில் சிலுவை அணிந்து வகுப்புக்குள் நுழையும்போது, அந்தச் சிலுவையை அவர்கள் எங்கெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே நியாங்கேயில், 1997 மார்ச்சில் ஓர் இரவு, ஆயுதம் ஏந்தியவர்கள் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குள் புகுந்தார்கள். ஹுட்டு ஒரு பக்கம், டுட்சி ஒரு பக்கம் பிரிந்து நிற்கும்படி மாணவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். பிள்ளைகள் பிரியவில்லை. நாங்கள் எல்லோரும் ருவாண்டர்கள் என்றார்கள். சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் காயப்பட்டார்கள். அவர்களை அந்த நாடு இன்று தேசிய வீரர்களாகப் போற்றுகிறது.

எனக்கு நெஞ்சு அடைக்கும் இடம் இது. கோயிலில் பெரியவர்கள் தோற்றுப்போன அதே ஊரில், பள்ளிப் பிள்ளைகள் சாவின் முன்னால் கூடி நின்றார்கள். உன் அப்பாவிடம் சொல்: "நான் சமாதானத்தைக் கொண்டுபோகவில்லை அப்பா. அது அங்கே ஏற்கனவே இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகப் போகிறேன்." மலைப்பிரசங்கத்தில் 'சமாதானம் பண்ணுகிறவர்கள்' என்றுதானே வாசிக்கிறோம்? பேசுகிறவர்கள் என்று அங்கே இல்லை.

உன் மாணவர்கள் 1994க்கு வெகு காலம் பின்னால் பிறந்தவர்கள். ஆனால் ஒரே பெஞ்சில், தப்பிப் பிழைத்த ஒருவரின் பேரனும் சிறை சென்று திரும்பிய ஒருவரின் பேத்தியும் உட்கார்ந்திருக்கலாம். யார் எவர் என்று ஒருபோதும் கேட்காதே, ஆர்வத்தில்கூட. 1930களில் பெல்ஜிய ஆட்சி அடையாள அட்டையில் இனத்தை எழுதி வைத்தது. 1994இல் சாலைத் தடைகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் உயிர் எடுத்தார்கள். இன்று அட்டையில் அந்த வரி இல்லை. உன் கேள்வியிலும் அது இருக்கக் கூடாது.

பாடம் நடத்துவதாக நினைத்து நீண்ட பிரசங்கம் செய்துவிடாதே. 1975இல் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் கைதிகளும், போரையும் வன்முறையையும் மறுக்கும் கிறிஸ்தவக் குழுவினரான குவேக்கர்களும் சேர்ந்து தொடங்கிய 'வன்முறைக்கு மாற்று' என்ற பயிற்சியை ருவாண்டாவிலும் நடத்தியிருக்கிறார்கள். வட்டமாக உட்காருவது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பது, சிறு சண்டையை நடித்துப் பார்த்து வேறு முடிவு தேடுவது என்று அது போகும். பதின்வயதுக்கு இது நன்றாகப் பொருந்தும். அந்த வயதில் அறிவுரை காதில் ஏறாது, ஆனால் சக மாணவி அழுதுகொண்டே சொல்வது ஏறும்.

ஒரு நாள் அவர்கள் உன்னைத் திருப்பிக் கேட்பார்கள்: "உங்கள் ஊரில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்களா, டீச்சர்?" அப்போது என்ன சொல்வாய்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுந்த சுவரைப் பற்றிச் சொல்வாயா? நம் சபைகளில் சாதி பார்த்துப் பெண் தேடுவதைச் சொல்வாயா? சொல்ல வேண்டும், மகளே. வெட்கத்தோடு, மறைக்காமல் சொல். சண்டை அறியாத ஊரிலிருந்து வந்தவளாக நின்றால் அவர்கள் உன்னை நம்ப மாட்டார்கள். பயணத்துக்கு முன், உன் சொந்தச் சபையில் இதுவரை நீ பேசாமல் விட்ட ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வா. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி நடைமுறை. பள்ளியில் ஆங்கிலம் போதும், பிள்ளைகளின் மனம் கின்யருவாண்டாவில் இருக்கிறது. முதல் சில மாதங்களை மொழிக்கே கொடு. 'அமஹோரோ' என்றால் அவர்கள் மொழியில் சமாதானம். ஏப்ரல் 7 முதல் துக்க வாரம். அப்போது கேளிக்கை எதுவும் வைக்காதே. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே கூடித் தெருவையும் வாய்க்காலையும் சீர்செய்யும். நீயும் மண்வெட்டியோடு போ.

அனுப்புகிறவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கு: உன்னை உண்மையில் அந்தப் பள்ளி கேட்டதா, அல்லது இங்கிருந்து அனுப்ப முடிவு செய்தார்களா? நோய் வந்தால் யார் பொறுப்பு? இடையில் திரும்ப வேண்டுமென்றால் டிக்கெட் யார் எடுப்பார்கள்? நீ ஊர் திரும்பிய பிறகு அந்த வகுப்பை நடத்தப் போகும் உள்ளூர் ஆசிரியர் யார்? கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், கையெழுத்துப் போடாமல் காத்திரு. பெயர் சொன்னால், அந்த ஆசிரியருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதி, உன் அப்பாவின் கேள்வியை அப்படியே அவரிடம் கேள். பதில் வந்ததும் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு.