பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலிய ஓணான் வகை) கூண்டுத் தரைக்கு என்ன போடலாம்? கேள்வி பதில்

தக்கலை: அண்ணே, குட்டி வாங்கியிருக்கேன். கீழே என்ன விரிக்க?

பழைய பேப்பர் போதும் தம்பி. எச்சம் எப்படிப் போகுதுன்னு தெரியும், சுருட்டி எறிஞ்சிடலாம். வளர்ந்ததும் டைல். வீடு கட்டி மிஞ்சினது மொட்டை மாடியில கிடக்கும். பாத்ரூமுக்குப் போடுற சொரசொரப்பான டைலா எடு. வழவழப்புல கால் சறுக்கும். விளக்குக்குக் கீழே டைலோட மேல்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் பக்கம் வரணும். கையை வச்சுப் பார்த்துச் சொல்லாதே, தெர்மாமீட்டர் வை. யூவிபி பல்பும் (கால்சியம் உடம்புல சேர உதவுற புற ஊதாக் கதிர் விளக்கு) கட்டாயம்.

குளச்சல்: பாலைவனத்து உயிர்தானே? கடல் மணல் வாசல்லயே கிடக்கே!

அது மணல்மேட்டுல வாழுற உயிர் இல்லீங்க. நடு ஆஸ்திரேலியாவோட வறண்ட புதர்க்காடு, இறுகின மண்ணு. பாதி நேரம் கிளையிலயும் வேலிக்கம்பத்துலயும்தான் உக்காந்திருக்கும். குட்டி நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கும்போது மணலும் சேர்ந்து போகும், குடல் அடைக்கும். நம்ம கடல் மணல்ல உப்பு வேற. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல்ல மோனசைட்னு ஒரு தாது, அதுக்குள்ள தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம். அந்த மணல்ல இருக்கிற தாதுக்களைப் பிரிச்செடுக்கவே அங்க ஆலை இருக்கு. அதையா கூண்டுல கொட்டுவீங்க?

குளச்சல்: என் நண்பர் மணல்லதான் வளர்க்கிறார். ஒண்ணும் ஆகலியே.

ஆகாமலும் இருக்கலாம். வளர்ந்தது, சூடு சரி, யூவிபி சரி, கால்சியம் சரின்னா உள்ளே போன கொஞ்சம் மணலும் வெளியே வந்துடும். சூடு குறைஞ்சா செரிக்காது. கால்சியம் குறைஞ்சா குடல் மந்தமாகும். பல வீட்டுல குற்றவாளி விளக்கு, பழி மணலுக்கு.

தோவாளை: அப்போ மணல் தப்பில்லைன்னு ஒத்துக்கிட்டீங்க!

மேல்மண்ணோட கழுவின ஆத்து மணல் கலந்து, நனைச்சு, இறுக்கி, நல்லாக் காயவிட்ட தரைன்னா, வளர்ந்ததுக்கு ஒத்துக்கிறேன். உதிரி மணலுக்கு இல்லை. ‘தின்னாலும் செரிக்கும்’னு விக்கிற கால்சியம் மணல் அதைவிட மோசம்: ருசிக்கு நக்கும், உள்ளே கட்டியாகும்.

கருங்கல்: கோகோபீட் (தேங்காய்க் கதம்பைத் தூள்)?

கதம்பைக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்லை அக்கா. ஆனா ரெண்டு மழையும் பெய்யுற இடம் இது. ஈரத்துல பூஞ்சை பிடிக்கும், மூச்சுக்கோளாறு வரும். காஞ்சா தூசி கண்ணுல.

இரணியல்: கடல் மணலைக் கழுவிக் காயவச்சா?

குளச்சல்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

கன்னியாகுமரி: பாக்கெட்ல விக்கிற கலர் மணல்?

மணல் கேள்வி முடிஞ்சது மக்களே.

பேச்சிப்பாறை: உடும்புக்குட்டி கிடைச்சிருக்கு, டைல் போதுமா?

உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, வீட்டுல வளர்க்கக் கூடாது. இன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்க.

நாகர்கோவில்: எச்சமே போகலை, பின்னங்கால இழுக்குது. விளக்கெண்ணெய் கொடுக்கவா?

கொடுக்காதீங்க. ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட இப்பவே கிளம்புங்க. யூவிபி பல்பு எரிஞ்சாலும் நாளாக நாளாகச் சத்து குறையும். பல்பு வாங்கின தேதியை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.