உப்புத் தண்ணி டேங்க் கேள்வி பதில்: மொதல்ல குழாய்த் தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா?

கேள்வி: அண்ணே, 120 லிட்டர்ல முதல் தடவையா உப்புத் தண்ணி டேங்க் வச்சிருக்கேன். மீன் விடறதுக்கு முன்னாடி பாக்டீரியா வளரட்டும்னு காஞ்ச ராக் (கல்லு), அழுகி அமோனியா வர்றதுக்கு தேக்கா மார்க்கெட்ல வாங்கின ஒரு இறால், ரெண்டு பாட்டில் பாக்டீரியா எல்லாம் போட்டு அஞ்சு வாரமாச்சு. டெஸ்ட் கிட்ல அமோனியா 0.5 பிபிஎம்மை (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு) விட்டு இறங்க மாட்டேங்குது, நைட்ரைட் கலர் கார்டோட கடைசி ஊதா, நைட்ரேட் ரத்தச் சிவப்பு. குழாய்த் தண்ணியில உப்பு கலந்து ரெண்டு தடவை பாதி மாத்தியும் அதே கதை. கடைக்காரர் மூணாவது பாட்டில் வாங்கச் சொல்றாரு, வாங்கட்டுமா?
(செங்காங் வாசகர்)

பதில்: வேணாம் தம்பி, அந்தக் காசுக்கு ஆர்ஓ தண்ணி (கரைஞ்சிருக்கறதையும் வடிகட்டி எடுத்த சுத்தத் தண்ணி) வாங்குங்க. நைட்ரைட் இவ்வளவு ஏறியிருக்குன்னாலே அமோனியாவைத் தின்னு நைட்ரைட்டா மாத்துற பாக்டீரியா கூட்டம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம், அது இல்லாம நைட்ரைட் எங்கேருந்து வரும்? அப்ப இந்த 0.5 எங்கேருந்து வருதுன்னுதான் தேடணும். இறாலை எடுத்தீங்களான்னு எழுதவே இல்ல, இன்னும் ராக்குக்குப் பின்னாடி அழுகிட்டு கிடந்தா இன்னிக்கே எடுத்துப் போட்டுடுங்க.

அடுத்தது குழாய். நம்ம பியூபி (சிங்கப்பூர் தண்ணி வாரியம்) தண்ணியில இருக்கறது வெறும் குளோரின் இல்ல, குளோரமைன், அதாவது குளோரினும் அமோனியாவும் ஒட்டிக்கிட்டு இருக்கற சரக்கு. வாளியில பிடிச்சு ஒரு ராத்திரி வச்சா பறந்துடும்னு பெரியவங்க சொல்வாங்களே, அது குளோரினுக்குச் சரி, இது அவ்வளவு லேசுல போகாது. சாதாரண ஆன்ட்டி குளோரின் ஊத்துனா குளோரின் பக்கத்தை உடைச்சிடும், அமோனியா அப்படியே தண்ணியில நின்னுடும். அமோனியாவையும் கட்டிப்போடற மருந்தா இருந்தா மீனுக்குக் கெடுதல் இல்ல, ஆனா நிறைய கிட் அதையும் சேர்த்து எண்ணி கலர் காட்டும். நீங்க பாதித் தண்ணி மாத்துற ஒவ்வொரு தடவையும் புதுசா அமோனியா கொண்டாந்து ஊத்திட்டு இருந்திருக்கலாம்.

சந்தேகமா இருந்தா மூணு டியூப் எடுத்துக்குங்க, ஒண்ணுல டேங்க் தண்ணி, ஒண்ணுல மருந்து போட்ட குழாய்த் தண்ணி, ஒண்ணுல ஆர்ஓ தண்ணி, மூணையும் ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணி பகல்ல ஜன்னல் பக்கம் வச்சுப் பாருங்க. அமோனியா இல்லேன்னா மஞ்சள், இருந்தா பச்சை, அதனால ஆர்ஓ தண்ணியே பச்சை அடிச்சா கோளாறு கிட்டுலயோ நம்ம கண்ணுலயோதான். நான் மொத டேங்க் வச்சப்ப டேங்க்கோட நீல லைட்டுக்குக் கீழ கார்டைப் பிடிச்சுப் பாத்துட்டு, மஞ்சள் எல்லாம் பச்சையா தெரிஞ்சு, இல்லாத அமோனியாவோட ரெண்டு வாரம் மல்லுக்கட்டினேன், வீட்டுக்காரம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

நைட்ரைட் விஷயம் வேற, அதை நைட்ரேட்டா மாத்தறது இன்னொரு பாக்டீரியா கூட்டம். கடைசி ஊதான்னா கார்டுக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது, உள்ள 5 இருக்கோ 50 இருக்கோ யாருக்குத் தெரியும். ஒரு பங்கு டேங்க் தண்ணியில ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து டெஸ்ட் பண்ணி, வந்த நம்பரைப் பத்தால பெருக்குங்க. அப்பதான் தினமும் இறங்குதா இல்லையான்னு தெரியும். அந்த ரத்தச் சிவப்பு நைட்ரேட்டை நம்பவே நம்பாதீங்க, நைட்ரேட் கிட் உள்ளுக்குள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்தித்தான் அளக்குது, ஏற்கெனவே நைட்ரைட் நிறைஞ்சிருந்தா அது பாட்டுக்கு ஏத்திக் காட்டும். நல்ல தண்ணி மீன் வளர்த்தவங்க நைட்ரைட்னாலே அலறுவாங்க, கடல் தண்ணியில இருக்கற குளோரைடு அது செவுள் வழியா உள்ள போறதைப் பெருசா தடுத்துடும், அதனால பதற வேணாம்.

கேஹெச் (பிஹெச் விழாமத் தாங்கற கார்பனேட் அளவு) பாத்தீங்களா? இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதைத் தின்னுக்கிட்டே இருக்கும், ரொம்ப இறங்கிப் போச்சுன்னா வேலையும் மந்தமாயிடும். 7-க்குக் கீழ இருந்தா ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடாவை ஆர்ஓ தண்ணியில கரைச்சு மெதுவா ஊத்துங்க, உங்க 120 லிட்டருக்குச் சுமாரா ஒன்றரை டிகிரி ஏறும், மறுநாள் அளந்துட்டுத்தான் அடுத்த ஸ்பூன். அப்புறம் சும்மா இருங்க. 2 பிபிஎம் அளவுக்கு அமோனியா போட்டு 24 மணி நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே 0 காட்டுற அன்னிக்கு சிராங்கூன் நார்த் பக்கம் மீன் பாக்கப் போகலாம்.

கேள்வி: சார், எங்க டேங்க் பெட்ரூம்ல இருக்கு. சைக்கிள், அதாவது பாக்டீரியா வளர்க்கற வேலை, ஆரம்பிச்சு மூணாவது வாரம். காலையில பிஹெச் 7.7, சாயங்காலம் 8 வருது. கேஹெச் 8 இருக்கு. பிஹெச் ஏத்துற பவுடர் போட்டா ரெண்டு மணி நேரம் ஏறி திரும்ப விழுந்துடுது.
(ஈசூன் வாசகி)

பதில்: ராத்திரி ஏர்கான் போட்டு ஜன்னலை அடைச்சுட்டுத் தூங்குறீங்கல்ல? அந்த ரூம்ல தூங்குறவங்க விடற மூச்சுக் காத்துதான் தண்ணிக்குள்ள போகுது, கார்பன் டைஆக்சைடு கரைஞ்சா பிஹெச் இறங்கத்தான் செய்யும். ஒரு கிளாஸ்ல டேங்க் தண்ணி எடுத்து, காரிடார்ல வச்சு ஏர் பம்ப்ல ஒரு மணி நேரம் குமிழி விட்டு அளந்து பாருங்க, பிஹெச் ஏறிடுச்சுன்னா குத்தம் தண்ணி மேல இல்ல, ரூம் காத்து மேலதான். கேஹெச் 8 இருக்கும்போது பவுடர் போடப் போட கேஹெச்தான் எகிறும், பிஹெச் நிக்காது. பகல்ல ஜன்னலைத் திறந்து விடுங்க, ஸ்கிம்மர் (காத்துக் குமிழியில அழுக்கை நுரையா எடுக்கற மெஷின்) இருந்தா அதோட காத்துக் குழாயை ஜன்னலுக்கு வெளிய நீட்டி விட்டுப் பாருங்கம்மா. 7.7-ல சைக்கிள் ஒண்ணும் நின்னுடாது.

கேள்வி: சில்லர் (தண்ணியைக் குளுமையாக்கற மெஷின்) வாங்க வசதி இல்லாம ஃபேன் வச்சேன், 30 டிகிரி 27 ஆயிடுச்சு, ஆனா 1.025-ல இருந்த சாலினிட்டி (உப்பு அளவு) பத்து நாள்ல 1.029. குறையற தண்ணிக்கு உப்புத் தண்ணிதான் ஊத்தறேன், எதாவது தப்பா?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: ஊத்தறதுதான் தப்பு அய்யா. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நிக்குது, ஃபேன் வச்சா இன்னும் வேகமாப் போகும். கண்ணாடியில டேப் ஒட்டி அளவு வச்சுக்கிட்டு குறையற அளவுக்கு தினமும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க. இப்ப ஏறினதை ரெண்டு மூணு நாள்ல கொஞ்சங்கொஞ்சமா டேங்க் தண்ணி எடுத்து ஆர்ஓ தண்ணி ஊத்தி இறக்குங்க, ஆனா அதுக்கு முன்னாடி ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பு அளக்கற கருவி) 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கரைசல் வச்சு சரிபாத்துடுங்க, வெறும் தண்ணியில 0 காட்டுற மீட்டர் கூட மேல போகப் போக தப்பாக் காட்டலாம். கடையில கடல் தண்ணி வாங்கி ஊத்தறவங்களும் வாங்கினதும் அளந்துடுங்க, இங்க சுத்தி இருக்கற கடல்ல மழைத் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் கலந்து 35-க்குக் கீழதான் இருக்கும்.