ஊராட்சித் தலைவர் தவறு செய்தால் அவரை யார் கேட்பது?

"மக்கள் ஓட்டுப் போட்டு வந்த தலைவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த தேர்தல்வரை பொறுத்துத்தான் போகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தலைவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால் கலெக்டர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார், பதில் சரியில்லை என்றால் தாசில்தார் வந்து உறுப்பினர்களைக் கூட்டி அவர்கள் கருத்தை எழுதி வாங்கிப்போவார், அதைப் பார்த்துவிட்டுக் கலெக்டர் பதவியிலிருந்தே நீக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தாலும் இது தொடங்கும்.

ஆனால் நடைமுறை வேறு. எங்கள் ஊரில் தெருவிளக்குக் கணக்கில் சந்தேகம் வந்து, நானும் எதிர்வீட்டு அண்ணனும் ஒரு ராத்திரி டார்ச்சும் நோட்டுமாகக் கிளம்பித் தெருத் தெருவாக எண்ணினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பில்லில் புது விளக்கு 46 என்று இருந்தது. நாங்கள் எண்ணியது 29. சுடுகாட்டுப் பாதையில் கம்பம் மட்டும் நின்றது, மேலே கிளாம்புகூட இல்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம், ரசீதும் தந்தார்கள். அந்த மனு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் போய், அங்கிருந்து "உரிய நடவடிக்கைக்கு" என்று எங்கள் ஊராட்சிக்கே வந்து சேர்ந்தது. யார் மேல் புகாரோ அவர்களே பதில் எழுதினார்கள், எல்லா விளக்கும் எரிகிறது என்று. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

அதற்காக, உறுப்பினர்கள் நினைத்தால் தலைவரைத் தூக்கிவிடலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே வருஷம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை, சில நாள் கழித்துக் கலெக்டர் நேரில் வந்துதான் ஏற்ற வைத்தார். இப்படிப்பட்ட ஊரில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் நீக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் முதலில் யார் போவார்கள்? இப்போதே காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், துணைத்தலைவர் பேனாவை எடுக்க மாட்டேன் என்றால் தலைவரால் ஒரு பல்புகூட வாங்க முடியாது. முறைகேட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடுதான், பல ஊர்களில் தலைவரை மடக்கிப்போடவும் அதுவே உதவுகிறது.

அதனால்தான் விசாரிப்பவர் ஊர் அரசியலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்கிறேன். கேரளத்தில் 2000-இலேயே உள்ளாட்சிக்கென்று ஓம்புட்ஸ்மேன், அதாவது புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு, வந்துவிட்டது, முதலில் ஏழு பேர் குழு, பிறகு ஒரே ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். நம்மிடமும் 2014-இல் சட்டம் போட்டு, அதேபோல முறைமன்ற நடுவம் என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள், பொதுமக்கள் நேரடியாகவே புகார் அனுப்பலாம். எங்கள் ஊரில் நான் கேட்டவரைக்கும் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை, எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

எங்கே அனுப்பினாலும் கையில் காகிதம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் "முறைகேடு பற்றித் தகவல் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. மதிப்பீடு, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்), பில், வவுச்சர், தீர்மான நகல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த வேலை, எந்த நிதியாண்டு என்று குறித்துக் கேளுங்கள். கிராமசபையில் வருகைக்கு என்று நீட்டும் நோட்டில், தீர்மானம் எழுதாமல் வெறும் பக்கமாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அந்தக் கையெழுத்துதான் பிறகு நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு ஆதாரமாக வந்து நிற்கும்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்றால், அக்டோபர் 2 கிராமசபையில் அண்ணன் எழுந்து எந்தத் தெருவில் எத்தனை என்று நோட்டைப் பார்த்து வாசித்தார். யாரையும் திட்டவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் "எங்க தெருவுல அந்த ரெண்டும் எரியல" என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவில்லை. மூன்று வாரத்தில் சுடுகாட்டுப் பாதையில் விளக்கு வந்தது. பணம் எங்கே போனது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை, அந்தத் தீர்மான நகலோடு முறைமன்ற நடுவத்துக்கு எழுதியிருக்கிறோம்.