ஊர்ப் பணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் பல தெருக்களில் கழிவுநீர் வாய்க்கால் இல்லை. மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கே வந்துவிடுகிறது. இந்த நிலையில் ஊர் எல்லையில் பல லட்சம் ரூபாயில் வரவேற்பு வளைவு எழுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் வாய்க்கால் கட்டக் கூடாதா என்று கேட்டால், "அது வேறு நிதி" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இது உண்மையா, சாக்குப்போக்கா?
- தென் மாவட்ட வாசகர்

பதில்: உண்மையாகவும் இருக்கலாம், சாக்குப்போக்காகவும் இருக்கலாம். எந்த நிதி என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டால் அது தெரிந்துவிடும்.

ஒரு பேரூராட்சிக்குப் பணம் பல வழிகளில் வருகிறது. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை ஆகியவை சொந்த வருவாய். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு தன் வரி வருவாயிலிருந்து பிரித்துத் தரும் பங்கு இன்னொன்று. இவ்விரண்டும் சேர்ந்த பொது நிதியிலிருந்தே ஊழியர் சம்பளமும் தெருவிளக்கு மின்கட்டணமும் போக வேண்டும். மிஞ்சுவதை எதற்குச் செலவிடுவது என்பதை மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்கிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் இப்படிப்பட்டதல்ல. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில், உங்கள் ஊரைப் போன்ற சிறு நகரங்களுக்கு உரியதில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. அந்தப் பகுதியிலிருந்து வளைவு கட்ட எந்த விதியும் இடம் தராது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாய். இவற்றில் எந்தப் பணியை எடுப்பது என்று பரிந்துரைப்பவர் அந்தந்த உறுப்பினர். பேரூராட்சி மன்றம் நினைத்தாலும் அந்தப் பணத்தைத் தானாக வாய்க்காலுக்கு மாற்ற முடியாது.

எனவே வளைவு உறுப்பினர் நிதியில் எழுகிறது என்றால், உங்கள் கோரிக்கை அந்த உறுப்பினரிடம் போக வேண்டும்: அடுத்த ஆண்டு வாய்க்காலைப் பரிந்துரையுங்கள் என்று ஊரார் கையெழுத்திட்டுக் கேளுங்கள். பொது நிதியில் எழுகிறது என்றால், "வேறு நிதி" என்ற பதிலுக்குப் பொருளே இல்லை. அது உங்கள் வரிப்பணம், வாய்க்காலைவிட வளைவு முந்தியது எப்படி என்பதற்கு மன்றம் பதில் சொல்லியாக வேண்டும். என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. சாக்கடை ஓடும் தெருவை வைத்துக்கொண்டு பொது நிதியை அலங்காரத்துக்குச் செலவிடுவது தவறு. ஆனால் தூண் எழும்பிய பிறகு அதை எதிர்ப்பதால் கிடைப்பது குறைவு. அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தை மன்றம் ஏற்பதற்கு முன், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே, உங்கள் வார்டு உறுப்பினரிடம் வாய்க்காலுக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, எங்கள் வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போடுகிறார்கள். யாரிடம் முறையிடுவது?
- கொங்குப் பகுதி வாசகி

பதில்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி மட்டத்தை உயர்த்தக் கூடாது என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். ஆகவே நீங்கள் கேட்பதைச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது.

முறையிடுவதற்கு முன் காகிதங்களைக் கையில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, அந்தச் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். ஒப்பந்ததாரர்கள் 'எம் புக்' என்று சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில்தான் எத்தனை மீட்டர் நீளம், என்ன கனம் என்று பொறியாளர் அளந்து எழுதியிருப்பார். அதை வைத்தே ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் (பில்) தொகை வழங்கப்படுகிறது. பழைய சாலையைச் சுரண்டுவதற்கு மதிப்பீட்டில் தொகை ஒதுக்கி, அளவுப் புத்தகத்திலும் அந்த வேலை நடந்ததாக எழுதப்பட்டிருந்து, தெருவில் அது நடக்கவில்லை என்றால், நீங்கள் சொல்லும் குறை முறைகேட்டுப் புகாராகிவிடும். தணிக்கைத் துறைக்கும் ஊழல் தடுப்புத் துறைக்கும் எழுதலாம். மதிப்பீட்டிலேயே அந்த வேலை இல்லை என்றால், மதிப்பீட்டைத் தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டும். 30 நாட்களுக்குள் தகவல் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் இதே சட்டம் உரிமை தருகிறது. வேலை நடக்கும்போதே அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் வென்றவர் ஒரு பெண். கூட்டங்களிலும் ஆய்வுகளிலும் அவருடைய கணவரே பேசுகிறார். இது சரியா?
- ஒரு நகராட்சி வாசகி

பதில்: சரியில்லை. மன்றத்தில் பேசவும் வாக்களிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு. உங்கள் மனுவை உறுப்பினரின் பெயருக்கே எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். கணவரிடம் கொடுத்துப் பழகுவது இந்த வழக்கத்துக்கு நாமே தரும் ஆதரவு.

கேள்வி: 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்குத் தொகை கட்டினால் பூங்கா அமைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வரி கட்டும் நாங்கள் மறுபடியும் ஏன் கட்ட வேண்டும்?
- திருச்சி வாசகர்

பதில்: கட்டாயம் எதுவும் இல்லை. பணி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். நீர்நிலைச் சீரமைப்புக்கு மக்கள் பங்கு பாதி. ஏரி, குளம் தூர்வார ஊரே கூடிப் பணம் திரட்டுவது நல்லது என்றே நினைக்கிறேன்; ஊருக்குக் குளத்தின் மேல் உரிமையுணர்வு வருகிறது. ஆனால் ஒரு கவலை உண்டு. பங்குத் தொகையை எளிதில் திரட்டும் வசதியான குடியிருப்புக்கு அரசின் பணமும் முதலில் போய்விடும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாழும் தெரு காத்துக்கொண்டே இருக்கும். குடிநீர், கழிவறை, வாய்க்கால் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு மக்களிடம் பங்கு கேட்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: செலவை மக்களே முடிவு செய்யும் ஊர் எங்காவது இருக்கிறதா?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இருந்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் அதைத் தொடங்கியது. பகுதி பகுதியாக மக்கள் கூடி, தங்களுக்கு முதலில் வேண்டியது எது என்று வரிசைப்படுத்தினார்கள். வசதி குறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் எடை தரப்பட்டது. குடிநீர், கழிவுநீர் இணைப்பு பெற்ற வீடுகள் 1988இல் 75 விழுக்காடாக இருந்து 1997இல் 98 விழுக்காடாக உயர்ந்ததாக உலக வங்கி பதிவு செய்திருக்கிறது. 2017இல் நகர நிர்வாகம் அதை நிறுத்தி வைத்தது. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது.

தமிழ்நாட்டின் நகரங்களில் 2016 அக்டோபர் முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்த பின், அதே ஆண்டில் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று சபைகள் கூடின. ஏரியா சபை பரிந்துரைக்கலாம். நிதி ஒதுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. வார்டுக்கென ஒரு சிறு தொகையையாவது ஒதுக்கி, அதைச் செலவிடும் பொறுப்பை அந்தச் சபையிடம் விட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதுவரை, உங்கள் பகுதியில் சபை கூடும் நாளில் போய் உட்காருங்கள். போன முறை வைத்த கோரிக்கைகள் என்ன ஆயின என்பதை முதல் கேள்வியாகக் கேட்டு, கிடைக்கும் பதிலைக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.