பதில்: சூரியனை நெருங்கும் வால்நட்சத்திரம் தப்புமா, மதுரை புதூர் மொட்டை மாடியிலிருந்து பைனாகுலரில் பார்க்கலாமா?

நண்பரே, சூரியனை ஒட்டி இருக்கும் நாட்களில் 7×50 பைனாகுலரை அந்தப் பக்கமே திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், விழித்திரை வெந்துவிடும். எக்ஸ்ரே பிலிமை வைத்துப் பார்ப்பதும் ஆபத்துதான்.

அந்த நாட்களில் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தில் உள்ள லாஸ்கோ சி3 கேமராவின் படங்களைப் பாருங்கள். நீல நிறத்தில் இருக்கும், சூரியனைச் சுற்றி சுமார் 8 பாகை வரை தெரியும். வால்நட்சத்திரத்தின் தலைக்கு இருபுறமும் கிடைமட்டமாக வெள்ளைக்கோடு ஓடினால் பயப்பட வேண்டாம். அதிக வெளிச்சத்தில் கேமரா திணறுகிறது, அவ்வளவே. கவனிக்க வேண்டியது சூரியனைச் சுற்றி வெளியே வந்த பிறகு. தலை கூர்மையான புள்ளியாக இல்லாமல் விசிறிபோல் பரவி, படத்துக்குப் படம் மங்கினால் கரு, அதாவது தலைக்குள் இருக்கும் பனியும் தூசியும் சேர்ந்த கட்டி, உடைந்துவிட்டது. 2013 நவம்பரில் ஐசான் வால்நட்சத்திரத்துக்கு அதுதான் நடந்தது. வெளியே வந்தது பெரும்பாலும் தூசிதான். 2011 டிசம்பரில் லவ்ஜாய் வால்நட்சத்திரம் சூரியப் பரப்புக்கு மேல் சுமார் 1,40,000 கி.மீ. உயரத்தில் போயும் வெளியே வந்தது, ஆனால் சில நாட்களில் அதன் கருவும் சிதைந்தது. அதனால் முதல் நாள் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சூரியனிலிருந்து 15 பாகை விலகியதும் மாடிக்குப் போகலாம். விடியலில் தெரியும் என்றால் புதூரிலிருந்து யானைமலை வடகிழக்கை மறைக்கும். அதற்கு வண்டியூர்க் கண்மாய்க் கரையே நல்ல இடம். சூரியன் உதிக்க அரைமணி முன்பே பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.