கதை எங்கே முடிகிறது?

வணக்கம் சார்,

நீங்கள் ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் அவருடைய மேடை நிகழ்ச்சிகள் இரண்டைப் பார்த்தேன். ஒரு கதையை ஆரம்பிக்கிறார், பாதியில் வேறெங்கோ போய்விடுகிறார், நடுவில் அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறார். வசவு வேறு. இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

க., ஈரோடு

அன்புள்ள க.,

அந்த வழிதவறலுக்காகத்தான் நான் அவரைப் பார்க்கிறேன்.

கானலி 1942-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தார். கதை சொல்ல அவர் கற்றுக்கொண்டது அங்கிருந்த தொழிலாளர்களிடம். கிண்டலும் வம்பும் கலந்த அந்த வாயாடித்தனத்தை அந்த ஊரில் 'பேட்டர்' என்பார்கள். அதில் கதை முடிந்தாக வேண்டும் என்று யாருக்கும் அவசரமில்லை. வசவும் அங்கிருந்து வந்ததுதான்.

மேடைக்கு அவர் வந்தது பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு. பாடகர் ஜெர்ரி ராஃபர்ட்டியுடன் 'ஹம்பிள்பம்ஸ்' என்ற இசைக்குழுவில் பாடியபோது, பாட்டுக்கு முன்னால் சொல்லும் நாலு வார்த்தை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பேச்சுதான் மிஞ்சியது.

1975-இல் மைக்கேல் பார்கின்சனின் பிபிசி பேட்டியில் ஒரு கதை சொன்னார். மனைவியைக் கொன்று புதைத்தவன், அவளுடைய பின்புறத்தை மட்டும் மண்ணுக்கு வெளியே விட்டிருக்கிறான். சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமாம்! இன்று கேட்டால் எனக்கே கொஞ்சம் நெளிகிறது. ஆனால் ஒரு கிளாஸ்கோ தொழிலாளி, லண்டன்காரர்களுக்காக உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளாமல் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். அதன் பிறகு அவரைத் தெரியாதவர்கள் பிரிட்டனில் குறைவு.

சிறுவயதிலேயே அம்மா விட்டுப் போனார். வளர்ந்த அத்தை வீட்டில் அடி, அப்பாவிடம் பாலியல் கொடுமை. மனைவி பமீலா ஸ்டீவன்சன் எழுதி 2001-இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் இதெல்லாம் இருக்கிறது. உடனே 'வலியைச் சிரிப்பாக்கிய கலைஞன்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம்தான். அடி வாங்கிய பிள்ளைகள் ஏராளம். நன்றாகப் பேசத் தெரிந்த மனிதர்களுக்கு நடுவே இளமை கழிவதுதான் அபூர்வம்.

நடிகராகப் பார்க்க வேண்டுமென்றால் 1997-இல் வந்த 'மிஸஸ் பிரௌன்' போதும். ஜூடி டென்ச் விக்டோரியா ராணி, இவர் பணியாள் ஜான் பிரௌன். இத்தனை வாயாடி அதில் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார் பாருங்கள்.

உடல் அசைவுகளைப் பாதிக்கும் பார்கின்சன் நோய் தனக்கு இருப்பதை 2013-இல் அறிவித்தார். (பேட்டி எடுத்தவர் பெயரும் நோயின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.) ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் முன்பின் தெரியாத மருத்துவர் ஒருவர் இவருடைய நடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னாராம். அதையும் கதையாக்கிவிட்டார். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் மேடை ஏறினார்.

சரி, உங்களுக்கு ஒரு யோசனை. 1985-இல் வந்த 'அன் ஆடியன்ஸ் வித் பில்லி கானலி' நிகழ்ச்சியை சப்டைட்டிலோடு பாருங்கள். அந்த உச்சரிப்பு எனக்கும் முதல் பத்து நிமிஷம் பிடிபடவில்லை.